லாட நண்டு நண்டே இல்லை. இறாலுக்குச் சொந்தம் கரப்பான். இந்தக் குழப்பம் ஏன் முக்கியம்?

ஒரு சின்ன க்விஸ். கரப்பான்பூச்சி, கிரேஃபிஷ், லாட நண்டு. இந்த மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய சொந்தம்?

கிரேஃபிஷும் லாட நண்டும் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். இரண்டும் தண்ணீரில் வாழ்கின்றன, இரண்டுக்கும் ஓடு இருக்கிறது, ஒன்றின் பெயரிலேயே 'நண்டு' இருக்கிறது. ஆனால் விடை அது இல்லை. கிரேஃபிஷுக்கு நெருங்கிய உறவு கரப்பான்தான். லாட நண்டு இந்த இரண்டிலிருந்தும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்து போன வேறு ஒரு கிளை. அதன் பங்காளிகள் சிலந்தியும் தேளும்.

'சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது' என்று கேட்கலாம். தாய்லாந்தில் இதே வகையான ஒரு பெயர்க் குழப்பத்தால் மனிதர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். நீங்கள் போட்டுக்கொண்ட கோவிட் தடுப்பூசி பாதுகாப்பானதா என்று சோதித்ததிலும் லாட நண்டுக்குப் பங்கு உண்டு. இறால் அலர்ஜி உள்ளவர்கள் புதுவகைப் புரோட்டீன் பார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த வகைப்பாட்டைச் சார்ந்ததுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குடும்ப மரம்

உடலுக்கு வெளியே கடினமான ஓடு, துண்டு துண்டாகப் பிரிந்த உடல், மூட்டு மூட்டாக மடங்கும் கால்கள். இந்த மூன்றும் இருந்தால் அது கணுக்காலி. இதுவரை பெயர் சூட்டப்பட்ட விலங்கினங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தக் கூட்டம்தான். யானை, திமிங்கலம், மனிதன் எல்லாரும் மிச்சமுள்ள 20 சதவீதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம்.

இன்று உயிரோடு இருக்கும் கணுக்காலிகளைப் பள்ளிப் புத்தகங்கள் நான்காகப் பிரிக்கும். சிலந்தி, தேள், உண்ணி, லாட நண்டு அடங்கிய கெலிசெரேட்டா; பூரான், மரவட்டை அடங்கிய மிரியபோடா; இறால், நண்டு, கிரேஃபிஷ் அடங்கிய கிரஸ்டேசியா; பிறகு பூச்சிகள்.

தமிழில் பேசும்போது இந்த வேலிகளை எல்லாம் நாம் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுவோம். சிலந்திக்கு எட்டுக்கால் பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம், அது பூச்சி கிடையாது. இறாலை இறால் மீன் என்கிறோம், அது மீன் கிடையாது. பேச்சு மொழி பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைக்கும், அதில் தவறொன்றும் இல்லை. சட்டமும் மருந்தும் சாப்பாட்டு லேபிளும் அதே பெயரை நம்பி முடிவெடுக்கும்போதுதான் சிக்கல்.

நான்கில் எது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தலையில் எத்தனை ஜோடி உணர்கொம்பு என்று எண்ணிப் பாருங்கள். இறால், கிரேஃபிஷ் வகையறாவுக்கு இரண்டு ஜோடி. பூச்சிகளுக்கும் பூரானுக்கும் ஒரு ஜோடி. சிலந்தி, தேள், லாட நண்டுக்கு ஒன்றுமே கிடையாது. லாட நண்டின் ரகசியம் இங்கேயே பாதி உடைந்துவிடுகிறது.

கிரேஃபிஷ்: 19 ஜோடி கருவிகள்

கிரேஃபிஷைச் சிங்கி இறாலின் நன்னீர்த் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு, குளம், சதுப்பு நிலங்களில் வாழும். உலகம் முழுக்க 600-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்குச் சொந்தமானது என்று ஒன்றுகூட இல்லை. நாம் இதைப் பார்ப்பது சீன உணவு வீடியோக்களிலும், அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சமையலிலும், அக்வேரியம் கடைகளிலும்தான்.

உயிரியல் மாணவர்களுக்கு இது பழைய நண்பன். டார்வினின் புல்டாக் என்று அறியப்பட்ட தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, விலங்கியலை அறிமுகப்படுத்த 1880-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியபோது தேர்ந்தெடுத்த விலங்கு கிரேஃபிஷ்தான். காரணம் உண்டு. அதன் உடலில் 19 ஜோடி உறுப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரே அடிப்படை வடிவத்தை வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு ஃபார்முலாவை எழுதி 19 வரிசைக்கு இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

தலையில் 5 ஜோடி: சிறு உணர்கொம்பு, பெரிய உணர்கொம்பு, உணவை அரைக்கும் தாடை, அதற்குத் துணையாக இரண்டு ஜோடி சிறு தாடைகள். மார்பில் 8 ஜோடி: முதல் மூன்று, உணவைப் பிடித்து வாய்க்குத் தள்ளும் தாடைக்கால்கள், அடுத்த ஐந்து, நடக்கும் கால்கள். அந்த ஐந்தில் முதல் ஜோடிதான் எல்லாரையும் பயமுறுத்தும் பெரிய கொடுக்கு. வயிற்றுப் பகுதியில் 6 ஜோடி: ஐந்து நீந்துகால்கள், கடைசியாக வால் விசிறியின் இரண்டு பக்க இதழ்கள். பெண் கிரேஃபிஷ் முட்டைகளை இந்த நீந்துகால்களில் ஒட்டி வைத்துத்தான் பொரிக்கும்வரை சுமக்கிறது. ஆபத்து என்றால் வாலை ஒரே சுண்டாகச் சுண்டிப் பின்னோக்கிப் பாயும்.

உள்ளேயும் விசித்திரங்கள் குறைவில்லை. வயிற்றுக்குள் பற்கள் இருக்கின்றன, இரைப்பையே ஒரு அரவை மில். சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் பச்சைச் சுரப்பி தலையில் இருக்கிறது, சிறுநீர் உணர்கொம்பின் அடியிலிருந்து வெளியேறும். இரண்டு கிரேஃபிஷ்கள் சண்டை போடும்போது எதிராளியின் முகத்தை நோக்கிச் சிறுநீர் பீய்ச்சி அதன் வாசனையால் தன் பலத்தை அறிவிக்கும். (ஆபீஸ் மீட்டிங்குகளோடு ஒப்பிடும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.)

அக்வேரியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பளிங்கு கிரேஃபிஷ் என்று ஒரு இனம் உண்டு. 1990-களில் ஜெர்மனியின் அலங்கார மீன் வியாபாரத்தில்தான் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அதில் ஆணே கிடையாது. பெண் தன்னைத்தானே நகலெடுத்து முட்டையிடும். தொட்டியிலிருந்து ஒன்றே ஒன்று தப்பித்து ஏரிக்குள் போனாலும் ஒரு படையே உருவாகிவிடும். மடகாஸ்கர் தீவில் அதுதான் நடந்தது.

லாட நண்டைத் திருப்பிப் போட்டால்

மேலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த ஹெல்மெட், பின்னால் ஈட்டி போல ஒரு வால். பெண் ஏறத்தாழ ஒரு முழ நீளம் வரும், ஆண் அதைவிடச் சிறியது. திருப்பிப் போட்டால்தான் கதை தெரியும்.

முன்பகுதியில் 6 ஜோடி உறுப்புகள். முதல் ஜோடி மிகச் சிறியது, நுனியில் இடுக்கி இருக்கும், உணவை எடுக்க உதவும். இதன் பெயர் கெலிசெரா. சிலந்தியின் விஷப்பல் இதே உறுப்பின் இன்னொரு வடிவம்தான். இந்தக் கூட்டத்துக்கே கெலிசெரேட்டா என்று பெயர் வந்தது இதனால். அதற்குப் பின் ஐந்து ஜோடிக் கால்கள். சிலந்தியிலும் கெலிசெரா ஒரு ஜோடி, அடுத்து ஒரு ஜோடி உணர்கால், நான்கு ஜோடிக் கால்கள், ஆக மொத்தம் 6. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

கிரேஃபிஷுக்கு இருப்பது போன்ற தாடை லாட நண்டுக்கு இல்லை. வாய் கால்களுக்கு நடுவே இருக்கிறது. தொடைப் பகுதியில் உள்ள முட்கள்தான் உணவை அரைக்கின்றன. அதாவது நடக்கிற அசைவிலேயே மெல்லுகிறது. மென்ற உணவு இறங்கும் குழாய் மூளையின் நடுவே புகுந்து செல்கிறது, ஏனென்றால் மூளை அந்தக் குழாயைச் சுற்றி ஒரு வளையம் போல அமைந்திருக்கிறது.

பின்பகுதியில் இனப்பெருக்கத் துளைகளை மூடும் ஒரு மடிப்பு, அதன் பின்னால் ஐந்து ஜோடிச் செவுள்கள். ஒவ்வொரு செவுளும் புத்தகத்தின் தாள்கள் போல அடுக்கடுக்காக இருப்பதால் புத்தகச் செவுள் என்று பெயர். தேளும் பல சிலந்திகளும் மூச்சுவிடுவது 'புத்தக நுரையீரலால்'. அதே அடுக்கு, தண்ணீருக்குப் பதில் காற்று.

வாலைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அதில் விஷம் இல்லை, கொட்டவும் செய்யாது. அலையில் கவிழ்ந்துவிட்டால் மணலில் ஊன்றித் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் கம்புதான் அது. கண் வேறு ஒரு கதை. இதன் பக்கவாட்டுக் கூட்டுக்கண்ணில் உள்ள நரம்புகளை ஆராய்ந்துதான் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன், அருகருகே உள்ள ஒளி உணரிகள் ஒன்றையொன்று அடக்கி விளிம்புகளைத் தெளிவாக்கும் முறையை விளக்கினார். 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிரேஃபிஷ், லாட நண்டு இரண்டும் தோலுரித்துத்தான் வளரும். ஆனால் கிரேஃபிஷ் முதுகு ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிசல் விட்டு வெளியேறும். லாட நண்டின் ஓடு முன்விளிம்பில் பிளக்கும், அது முன்னோக்கி நடந்து வெளியே வரும். கடற்கரையில் முன்விளிம்பு பிளந்த, உள்ளே காலியான லாட நண்டைப் பார்த்தால் அது செத்துப்போனது இல்லை, உரித்துப் போட்ட சட்டை.

எப்போது தெரிந்தது?

ஹக்ஸ்லியின் கிரேஃபிஷ் புத்தகம் வந்த மறு ஆண்டே, 1881-இல், ரே லங்கெஸ்டர் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். லாட நண்டு ஒரு சிலந்தியினம் என்று தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். தேளின் உடலையும் லாட நண்டின் உடலையும் பகுதி பகுதியாகப் பொருத்திக் காட்டியதுதான் அவரது வாதம்.

மரபணு ஆய்வு வந்த பிறகு மரத்தின் பெரிய கிளைகள் உறுதியாகின. கெலிசெரேட்டா முதலில் பிரிகிறது. தாடை உள்ள மற்ற மூன்று கூட்டங்களும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்குள் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது: பூச்சிகள் தனிக் கூட்டமே இல்லை, கிரஸ்டேசியாவின் உள்ளிருந்து கிளைத்தவை. 2010-இல் நேச்சர் இதழில் வந்த பெரிய மரபணு ஆய்வும் இதையே காட்டியது. எளிமையாகச் சொன்னால், பறவைகள் டைனோசரின் வாரிசு என்கிறோமே, அதேபோல எறும்பும் கரப்பானும் கரையேறிய கிரஸ்டேசியன்கள்.

லாட நண்டின் சரியான இடம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. சிலந்தி, தேள் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் அது இருக்கிறது என்பது பழைய கருத்து. அதே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று 2019-இல் ஹெஸுஸ் பாயெஸ்டெரோஸும் பிரசாந்த் சர்மாவும் வாதிட்டார்கள். அது சரியென்றால், சிலந்திகளும் தேள்களும் ஒரே முறை கரையேறின என்ற பழைய கதையையும் மறுபடி எழுத வேண்டிவரும். எந்தப் பக்கம் வென்றாலும் சரி, நண்டு வீட்டுக்கு லாட நண்டு திரும்பப் போவதில்லை.

வட்ட வாலா, முக்கோண வாலா?

உலகில் லாட நண்டு இனங்கள் மொத்தம் நான்குதான். ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், மூன்று ஆசியாவில். ஆசியாவின் மூன்றில் இரண்டு இந்தியாவில் உள்ளன: ஒடிசாவின் மணற்கரைகளுக்கு வரும் டாக்கிபிளியஸ் கிகாஸ், சுந்தரவனத்துச் சதுப்பில் வாழும் கார்சினோஸ்கார்பியஸ் ரோட்டுண்டிகாடா. இரண்டாவது பெயரின் முதல் பாதிக்கு 'நண்டுத்தேள்' என்று பொருள். பெயர் வைத்தவருக்கே இரண்டு மனசு போல. பின்பாதிக்கு 'வட்ட வால்' என்று பொருள், அது வெறும் அலங்காரம் இல்லை.

தாய்லாந்தில் லாட நண்டின் முட்டை விரும்பிச் சாப்பிடப்படும் உணவு. முக்கோண வால் கொண்ட கிகாஸின் முட்டையைத்தான் சாப்பிடுவார்கள். வட்ட வால்காரனின் முட்டையில் டெட்ரோடோடாக்சின் இருக்கலாம். பஃபர் மீனில் உள்ள அதே நரம்பு விஷம். சமைத்தாலும் போகாது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழப்பதுவரை கொண்டுபோகும், மாற்று மருந்தும் கிடையாது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஆள் மாறி, விஷத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பலர். சிலர் இறந்தும் இருக்கிறார்கள். வாலைத் தொட்டுப் பார்க்கும் இரண்டு விநாடி வகைப்பாடுதான் அங்கே உயிரைக் காக்கிறது.

நீல ரத்தம்: பாதி உண்மை

லாட நண்டின் ரத்தம் நீலம், அதனால்தான் மருந்து கம்பெனிகள் தேடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். பாதி சரி. நம் ரத்தத்தில் இரும்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது, லாட நண்டில் செம்பு. அதனால் நீலம். ஆனால் கிரேஃபிஷ், நண்டு, ஆக்டோபஸ் ரத்தத்திலும் இதே செம்புப் புரதம்தான். நிறத்தில் ஒரு விசேஷமும் இல்லை.

விசேஷம் அதன் ரத்த அணுக்களில் இருக்கிறது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு துளியூண்டு பட்டாலும் அந்த அணுக்கள் வெடித்து, சுற்றியுள்ள ரத்தத்தை ஜெல்லியாக உறைய வைக்கும். ஃபிரடெரிக் பாங் இதை 1956-இல் பதிவு செய்தார். பிறகு ஜாக் லெவினுடன் சேர்ந்து அதை ஒரு சோதனையாக்கினார். அதுவரை ஊசி மருந்தை முயலுக்குச் செலுத்தி, காய்ச்சல் வருகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லாட நண்டுச் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. இன்று தடுப்பூசி, சலைன், இன்சுலின், உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் என எல்லாவற்றுக்கும் எண்டோடாக்சின் சோதனை உண்டு.

விலை யார் கொடுப்பது? அமெரிக்காவில் ஆண்டுக்குப் பல லட்சம் லாட நண்டுகளைப் பிடித்து, ரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். அவற்றில் 15 சதவீதம் இறந்துவிடும் என்பதுதான் அங்குள்ள மீன்வள ஆணையம் பயன்படுத்தும் கணக்கு. ஆசியாவின் டாக்கிபிளியஸ் டிரைடென்டாடஸ் 2019-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'அழியும் ஆபத்தில்' என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

மாற்று வழி இருக்கிறது. அது வந்ததும் நம்ம சுந்தரவனத்து வட்ட வால் இனத்திடமிருந்துதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பவ் இருவரும் அதன் மரபணுவை எடுத்து, எண்டோடாக்சினை உணரும் 'ஃபேக்டர் சி' புரதத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தார்கள். ஐரோப்பிய மருந்துத் தர நூல் 2021 முதல் இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தர நூலில் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. கண்டுபிடிப்புக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கும் மேல் போய்விட்டது என்பதுதான் உறுத்துகிறது.

இறால் அலர்ஜி உள்ளவர்கள் கவனிக்க

இறால், நண்டு அலர்ஜிக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். கணுக்காலிகள் எல்லாவற்றிலும் இது ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்சிலந்தியிலும், கரப்பானிலும்கூட. அதனால்தான் தூசி அலர்ஜி உள்ள சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாது.

இப்போது பூச்சி மாவில் செய்த பார், பாஸ்தா எல்லாம் வெளிநாட்டுக் கடைகளில் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் மஞ்சள் புழுவையும், பிறகு வீட்டுச் சில்வண்டு மாவையும் உணவாக அனுமதித்தபோது, கிரஸ்டேசியன் அலர்ஜி உள்ளவர்களுக்கு எதிர்வினை வரலாம் என்று லேபிளில் போட வேண்டும் என்றது. இந்தியாவின் லேபிள் விதிகளில் அலர்ஜிப் பட்டியலில் கிரஸ்டேசியன் என்ற சொல் உண்டு, பூச்சி இல்லை. குடும்ப மரம் தெரிந்தவர்கள் லேபிளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இறால் ஆகாது என்றால் வெட்டுக்கிளிப் பொடியையும் ருசி பார்க்காதீர்கள்.

பாலசோர் கரையில்

சட்டத்துக்கும் வகைப்பாட்டுக்கும் நடுவே வேடிக்கைகள் நடக்கும். கலிஃபோர்னியாவில் 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அந்த மாநிலச் சட்டத்தின்படி வண்டுத்தேனீயையும் 'மீன்' என்று கருதிப் பாதுகாக்கலாம் என்று தீர்ப்பளித்தது. காரணம், சட்டத்தில் மீன் என்பதற்கான வரையறையில் முதுகெலும்பில்லாத உயிரினங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. தேனீக்கு அந்தக் குழப்பம் நல்லதாகவே முடிந்தது.

இந்தியாவில் லாட நண்டின் இரண்டு இனங்களும் 2009 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆனால் ஒடிசாவின் பாலசோர் கரையில் யாரும் இவற்றைத் தேடிப் பிடிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. மீனுக்குப் போட்ட வலையில் இவை தானாக மாட்டும். காலும் வாலும் கண்ணியில் சிக்கிக்கொள்ளும். விலை போகாத சரக்கு, வலையைக் காப்பாற்ற அவசரமாகப் பிய்த்து மணலில் எறிந்துவிடுவார்கள். முட்டையிட ஜோடியாகக் கரைக்கு வரும் பருவத்தில் இப்படி நடந்தால் இழப்பு இரண்டு மடங்கு.

எத்தனை சாகின்றன? டேட்டா வேலை செய்பவளாக எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். இவை விற்பனைச் சரக்காகக் கரை இறங்குவதில்லை, அதனால் மீன்பிடிக் கணக்குக்குள் வருவதில்லை. யானை, புலி போல யாரும் கணக்கெடுப்பு நடத்துவதும் இல்லை. இந்தியாவின் இரண்டு இனங்களும் சர்வதேசப் பட்டியலில் 'போதிய தரவு இல்லை' என்ற பெட்டியில் இருக்கின்றன. பல பேர் இதை 'ஆபத்து இல்லை' என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. செல் காலியாக இருப்பதும் அதில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றல்ல. 2022-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையும் ஒடிசா வனத்துறையும் பாலசோரில் லாட நண்டுகளுக்கு டேக் மாட்டத் தொடங்கின. அந்த எண்ணோடு ஒன்று மறுபடி கண்ணில் பட்டால்தான் எங்கே போகிறது, எத்தனை பிழைக்கிறது என்று சொல்ல முடியும்.

அலை வடியும்போது கடலே பல கிலோமீட்டர் பின்வாங்கும் சண்டிப்பூர் கரைக்கு எப்போதாவது சுற்றுலா போனால், மணலில் மல்லாந்து கால்களை உதைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்க்கலாம். கடிக்காது, கொட்டாது. வாலைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள், வால் சேரும் இடம் பிய்ந்துவிட்டால் அடுத்த முறை அதனால் நிமிர முடியாது. ஓட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெதுவாகத் திருப்பி வைத்தால் போதும். தண்ணீர் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும்.